முறையும் இருப்பும்: மெய்நிகர் எந்திரங்களில் செயலி, நினைவகப் பங்கீட்டின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஒரே கணினியைப் பல மெய்நிகர் எந்திரங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் செயலி நேரத்தையும் நினைவகத்தையும் கூட்டியும் குறைத்தும் அளிக்கும் முறை 1960களில் தோன்றியது. இவ்விரு வளங்களும் ஒரே தன்மையன அல்ல. செயலியை நொடியின் சிறு கூறுக்குள் திரும்பப் பெறலாம். நினைவகத்தை அவ்வாறு பெற இயலாது. இவ்வேறுபாடே பங்கீட்டு முறைகளின் வரலாற்றை வழிநடத்தியது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பற்றாக்குறை நேரும்போது அதன் சுமை யார்மேல் விழுகிறது என்னும் வினாவும் உடன் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் எந்திரம், நினைவகம், செயலி, வளப்பங்கீடு, பலூன் முறை, கண்மாய்ப் பாசனம்

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணறும் அதனைச் சூழ்ந்த அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களும் வானம் பார்த்த கரிசற்பூமி. ஊரின் பெயரே கிணற்றில் முடிகிறது. வடகிழக்குப் பருவமழையில் பெருகும் கண்மாயும், அதன் மடையும் கலுங்குமே இங்கு நஞ்சைக்கு ஆதாரம். கண்மாய் நிறைந்திருக்கும்போது பங்கீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. நீர் குறையும்போதுதான் முறை வைக்கப்படும். இன்ன வயலுக்கு இவ்வளவு நேரம் என்று நீர்ப்பாய்ச்சி மடை திறந்து விடுவார். முறை முடிந்தவுடன் வாய்க்காலை அடைத்து அடுத்த வயலுக்குத் திருப்பலாம். ஆனால் முந்தைய வயலில் இறங்கிய நீரை யாராலும் எடுத்துச் செல்ல முடியாது. வாய்க்காலில் ஓடும் நீர் முறைக்குக் கட்டுப்பட்டது. வயலில் தேங்கிய நீர் அவரவர் இருப்பு.

கணினியியலில் இதற்கு நிகரான வேறுபாடு செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே உள்ளது. ஒப்புமைக்கு எல்லையும் உண்டு: நினைவகம் நீரைப்போல் செலவாகிவிடுவதில்லை, அதன் உள்ளடக்கத்தை வட்டுக்கு நகர்த்தி இடத்தை மீட்கலாம். அம்மீட்புக்கு ஆகும் காலமே சிக்கல். வட்டைத் தொடுவது நினைவகத்தைத் தொடுவதினும் பல்லாயிரம் மடங்கு தாமதமானது.

ஓர் எந்திரம், பல பயனர்

கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி 1959இல் பாரிசில் நடந்த யுனெஸ்கோ தகவல் செயலாக்க மாநாட்டில் நேரப் பகிர்வு பற்றிய கட்டுரையை அளித்தார். 1961 நவம்பரில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் நேரப் பகிர்வு அமைப்பொன்றை இயக்கிக் காட்டினர். இவை செயலிக்கான முறைப்பாசனம் எனலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு கணம். கணம் முடிந்ததும் செயலி அடுத்தவருக்கு. மாறுதலின் வேகத்தால் ஒவ்வொருவரும் எந்திரம் முழுவதும் தமக்கே உரியது என்று கருதினர்.

நினைவகத்துக்கு இவ்வுத்தி போதவில்லை. 1962இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி இதற்கு வேறு வழி கண்டது. அதன் காந்த உள்ளக நினைவகம் 16,384 சொற்கள்; சுழல் உருளை நினைவகம் 98,304 சொற்கள். இரண்டையும் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பகுத்து, ஒரே நினைவகம் போல நிரலுக்குக் காட்டினர். வேண்டிய பக்கம் உள்ளகத்தில் இல்லையெனில் உருளையிலிருந்து தானே வரும்; இடம் இல்லையெனில் பயன்படாத பக்கமொன்று வெளியேறும். எது பயன்படாத பக்கம் என்பதைக் கணிக்கும் சிக்கல் இங்கேயே தொடங்கிவிட்டது.

இவ்விரண்டையும் ஒன்றிணைத்தது ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையம். ராபர்ட் கிரீசி, லெஸ் கோமோ ஆகியோர் தலைமையில் உருவான சி.பி.-40 என்னும் அமைப்பு 1967 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. சிஸ்டம்/360 வரிசையின் 40ஆம் மாதிரியில் முகவரி மாற்றத்துக்கான தனிப்பெட்டியொன்றை இணைத்து அதனை இயக்கினர். ஒரே நேரத்தில் 14 மெய்நிகர் எந்திரங்கள் வரை இயங்கலாம்; ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் நினைவகம் இருப்பதாகக் காட்டப்படும். அந்த 40ஆம் மாதிரிக்குப் பொருத்தக்கூடிய உச்ச நினைவகமே 256 கிலோபைட்தான். 3,584 கிலோபைட் வாக்களிக்கப்பட்டது. கையில் இருந்ததோ அதில் பதினான்கில் ஒரு பங்கு.

இருப்பதைவிட மிகுதியாக வாக்களித்தல் என்பது வணிகப் பேராசையால் பின்னாளில் நுழைந்த பழக்கம் என்று எண்ணுவோர் உளர். அவ்வாறன்று, அது முதல் மெய்நிகர் எந்திர அமைப்பின் அடித்தளத்திலேயே இருந்தது. எல்லாரும் ஒரே கணத்தில் தம் பங்கு முழுவதையும் கேட்கமாட்டார்கள் என்னும் நம்பிக்கையே அதன் மூலதனம்.

அந்நம்பிக்கை பொய்க்கும்போது நிகழ்வதை 1968இல் பீட்டர் டென்னிங் விளக்கினார். ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு காலப்பகுதியில் இன்றியமையாத பக்கங்களின் தொகுதி ஒன்று உண்டு. அதனை அவர் செயற்தொகுதி என்னும் பொருளில் பெயரிட்டார். இயங்கும் நிரல்களின் செயற்தொகுதிகள் அனைத்தும் கூடி மெய்நினைவகத்தை விஞ்சினால், ஒருவர் பக்கத்தை மற்றவர் வெளியேற்ற, வெளியேறியது உடனே திரும்பி வர, எந்திரம் பக்கங்களைச் சுமப்பதிலேயே காலத்தைக் கழிக்கும். இந்நிலையில் செயலி பெரும்பாலும் சும்மா இருக்கும். செயலி ஓய்வாக இருக்கிறதே என்று மேலும் ஒரு நிரலை உள்ளே விடும் நிருவாகி நோயை முற்றச் செய்கிறார். இரு வளங்களையும் தனித்தனியே அளந்து முடிவெடுப்பதன் கேடு இங்கே தெளிவாகிறது.

சென்னையின் 370/155

மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் தொடங்கப்பட்ட சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973இல் ஐ.பி.எம். 370/155 கணினி நிறுவப்பட்டது. அக்கால இந்தியாவின் பெருங்கணினிகளுள் அது ஒன்று. துளை அட்டைக் கட்டுகளை ஒப்படைத்து, அச்சிட்ட விடைக்குக் காத்திருக்கும் தொகுதிச் செயலாக்கமே அன்றைய வழக்கு. அங்கு முறை வைத்தது நிரல் மட்டுமன்று. அட்டைக் கட்டுகளின் வரிசையுந்தான்.

இம்மாதிரியின் இடம் வரலாற்றில் கருதத்தக்கது. 370 வரிசையின் 155ஆம் மாதிரி 1970இல் அறிவிக்கப்பட்டபோது முகவரி மாற்றத்துக்கான வன்பொருள் அதில் இல்லை. 1972 ஆகஸ்டு 2 அன்று ஐ.பி.எம். மெய்நிகர் நினைவகத்தையும், வி.எம்./370 அமைப்பையும், 158, 168 என்னும் புதிய மாதிரிகளையும் ஒருங்கே அறிவித்தது. 155 வைத்திருந்தோர் மெய்நிகர் எந்திரங்களை இயக்க வேண்டுமெனில் பெருஞ்செலவில் தனிப்பெட்டி வாங்கிச் சேர்க்க வேண்டும். தொழில்நுட்பம் மாறும் வேளையில் வாங்கப்பட்ட எந்திரம் எவ்வளவு பெரிதாயினும் வரம்புடையதே என்பதற்கு இது சான்று.

வி.எம்./370 அமைப்பில் இன்றைய கட்டுப்பாடுகளின் முன்வடிவங்கள் உள்ளன. குறிப்பிட்ட மெய்நிகர் எந்திரத்துக்குச் செயலியின் இத்தனை விழுக்காடு உறுதி என்று இயக்குநர் ஆணையிடலாம். நினைவகப் பக்கச் சட்டங்களில் இத்தனை இவ்வெந்திரத்துக்கே என்று ஒதுக்கவும் வழி இருந்தது. ஒரு மெய்நிகர் எந்திரத்தின் செயற்தொகுதி கிடைக்கும் இடத்துக்குள் அடங்கும் என்று கணித்த பின்னரே அதனைச் செயலிக்கான வரிசையில் சேர்த்தனர். டென்னிங் சுட்டிய கேட்டைத் தவிர்க்க நினைவகத்தைச் செயலியின் வாயிற்காவலாக நிறுத்திய ஏற்பாடு இது. பின்னாளைய அமைப்புகள் பல இவ்வறிவை மீண்டும் புதிதாகக் கற்க நேர்ந்தது.

இந்தியாவைப் பொறுத்தவரை அம்மரபின் தொடர்ச்சி அற்றது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் பங்கு விதிகளை ஏற்க மறுத்த ஐ.பி.எம். 1978இல் நாட்டைவிட்டு வெளியேறியது. நிறுவப்பட்டிருந்த எந்திரங்களின் பராமரிப்பைக் கணினிப் பராமரிப்புக் கழகம் ஏற்றது. எந்திரங்கள் ஓடின, ஆயினும் மெய்நிகர் எந்திர அறிவு இங்குப் பரவலாக வந்து சேர்ந்தது ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின், முற்றிலும் வேறொரு செயலிக் குடும்பத்தின் வழியாகவே.

எக்ஸ்86 என்னும் இடர்ப்பாடு

ஒரு செயலி மெய்நிகர் எந்திரங்களைத் தாங்குதற்கு வேண்டிய இலக்கணத்தை 1974இல் போபெக், கோல்ட்பெர்க் இருவரும் வகுத்தனர். மேசைக் கணினிகளில் பரவிய எக்ஸ்86 குடும்பம் அவ்விலக்கணத்துக்குப் பொருந்தவில்லை. பென்டியம் செயலியில் 17 கட்டளைகள் அவ்விதிகளை மீறுவதாக 2000இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. 1997இல் ஸ்டான்போர்டில் டிஸ்கோ என்னும் ஆய்வு அமைப்பை உருவாக்கியவர்கள் மறுவருடம் வி.எம்.வேர் நிறுவனத்தைத் தொடங்குவதில் பங்கேற்றனர். இடர்தரும் கட்டளைகளை ஓட்டத்தின்போதே மாற்றியெழுதி இத்தடையைக் கடந்தனர். 2005, 2006 ஆண்டுகளில் இன்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்கள் செயலியிலேயே ஆதரவு சேர்த்தன. 2007இல் லினக்ஸ் கருவில் கே.வி.எம். இணைந்தது. இவை பலராலும் விரித்துரைக்கப்பட்டவை.

பலூன்

பங்கீட்டு வரலாற்றின் திருப்புமுனை 2002இல் வெளியான கார்ல் வால்ட்ஸ்பர்கரின் கட்டுரை. அவர் முன்னரே 1994இல் வில்லியம் வீலுடன் இணைந்து, செயலி நேரத்தைக் குலுக்கல் சீட்டுகளால் பங்கிடும் முறையை முன்வைத்தவர். ஒருவரிடம் எத்தனை சீட்டோ அந்த விகிதத்தில் அவருக்கு முறை வரும். பங்கு என்னும் இக்கருத்து செயலிக்கு இயல்பாகப் பொருந்தியது. அதே பங்குகளை நினைவகத்துக்கு அவர் கொண்டு சென்றபோது இரு தடைகள் எழுந்தன.

முதலாவது, எதைத் திரும்பப் பெறுவது என்பது. மெய்நிகர் எந்திரத்தின் எந்தப் பக்கம் தேவையானது, எது தேவையற்றது என்பதை அதனுள் இயங்கும் இயக்குதளமே அறியும். வெளியிலிருந்து மேலாளும் நிரல் அறியாது. குருட்டாம்போக்கில் ஒரு பக்கத்தை வட்டுக்கு அனுப்பினால் அடுத்த கணமே அது கேட்கப்படலாம். அதற்கு அவர் கண்ட தீர்வு பலூன். மெய்நிகர் எந்திரத்தினுள் ஒரு சிறு இயக்கி வைக்கப்படுகிறது. மேலாளும் நிரல் ஆணையிட்டால் அது தன் இயக்குதளத்திடமே நினைவகம் கேட்டு வாங்கி ஊதிப் பெருகும். நெருக்கடியை உணர்ந்த இயக்குதளம் தனக்குத் தேவை குறைந்த பக்கங்களைத் தானே தேர்ந்து விடுவிக்கும். பலூன் பிடித்த இடம் மேலாளும் நிரலுக்குக் கிடைத்துவிடும். தேவை தணிந்தால் பலூன் சுருங்கும். வயலுக்குரியவரே எந்தப் பாத்தியில் நீர் மிகுதி என்று பார்த்து வடித்துவிடுவதற்கு இது ஒப்பு. வெளியார் வரப்பை வெட்டுவதில்லை.

இரண்டாவது தடை நுட்பமானது. பங்கு மிகுதியாக உடைய மெய்நிகர் எந்திரம் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு பயன்படுத்தாமலே இருந்தால்? செயலியில் இச்சிக்கல் இல்லை. பயன்படுத்தாத முறை தானே அடுத்தவருக்குப் போய்விடும். இருப்பில் அவ்வாறு நிகழாது. இதற்காக வால்ட்ஸ்பர்கர் ஓய்வு நினைவகத்துக்கு வரி விதித்தார். இயல்பான வரிவிகிதம் 75 விழுக்காடு. அவருடைய கணக்கின்படி, ஓய்வில் கிடக்கும் ஒரு பக்கம் பயன்பாட்டிலுள்ள நான்கு பக்கங்களின் விலையைப் பெறும். எது ஓய்வு என்பதை அறிய, ஒவ்வொரு 30 நொடிக்கும் 100 பக்கங்களைக் குறிப்பின்றித் தெரிந்தெடுத்து, அவை தொடப்படுகின்றனவா என்று பார்த்தனர்.

மீட்பு எப்போது தொடங்கும் என்பதற்கும் படிநிலைகள் வகுக்கப்பட்டன. எந்திரத்தின் மொத்த நினைவகத்தில் 6 விழுக்காடு காலியாக இருந்தால் மீட்பு இல்லை. 4 விழுக்காட்டுக்குக் குறைந்தால் பலூன். 2 விழுக்காட்டுக்குக் குறைந்தால் வலிந்து வட்டுக்கு வெளியேற்றம். 1 விழுக்காடு என்றால் ஒதுக்கீட்டை மீறிய மெய்நிகர் எந்திரங்களின் இயக்கமே நிறுத்தப்படும்.

நிருவாகியின் கையில் மூன்று அளவுகள் தரப்பட்டன: உறுதி ஒதுக்கீடு, உச்சவரம்பு, பங்கு. உறுதி ஒதுக்கீடு எந்நிலையிலும் பறிபோகாது. உச்சவரம்பை எந்நிலையிலும் கடக்க முடியாது. இடைப்பட்டதைப் பங்கும் வரியும் தீர்மானிக்கும். நடைமுறைப் பிழைகள் பல உச்சவரம்பில்தான் பிறக்கின்றன. மெய்நிகர் எந்திரத்துக்கு 8 கிகாபைட் என்று அறிவித்து, வரம்பை முன்பிருந்த 4 கிகாபைட்டிலேயே விட்டுவிட்டால், எந்திரத்தில் இடம் தாராளமாக இருக்கும்போதும் பலூன் ஊதிக்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பவருக்குத் தம்மிடம் 8 இருப்பதாகவே தோன்றும்.

வரியின் தருக்கம் சிக்கனத்துக்கு உகந்தது. நீதிக்கு உகந்ததா என்பது வேறு. தமிழ்நாட்டில் மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் காலையை எடுத்துக்கொள்ளலாம். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஓர் இணையதளத்தை நாடுவர். மல்லாங்கிணற்றில் அலைபேசியோடு காத்திருக்கும் மாணவியும் அவர்களுள் ஒருவர். இத்தகைய வழங்கி மெய்நிகர் எந்திரமாக இயங்குமாயின், ஆண்டு முழுதும் அதன் நினைவகம் ஓய்வில் கிடக்கும். ஆகவே அதுவே மிகுதியாக வரி செலுத்தும். தேவை வரும் காலையில் மடங்கு மடங்காகக் கேட்கும். ஆனால் அதனிடமிருந்து பெறப்பட்டவை அண்டை எந்திரங்களில் பயன்பாட்டில் இருக்கும். அண்டையாரின் பலூன் ஊதி இடம் வருவதற்கும் காலம் ஆகும். புயல் எச்சரிக்கை போன்ற பணிகளுக்கும் இது பொருந்தும். சராசரிப் பயன்பாட்டை அளந்து நினைவகத்தைக் குறைக்கும் நிருவாகம், ஆண்டுக்கொரு முறை மட்டும் விழிக்கும் பொதுப்பணிகளை அளக்கத் தெரியாத நிருவாகமே. அவற்றுக்கு உறுதி ஒதுக்கீடு வேண்டும்; அது ஓய்வில் கிடப்பது வீண் அன்று.

செயலியைக் கூட்டினால் வேகம் குறையும்

முறை எளிது என்று மேலே கூறப்பட்டது. ஒரு மெய்நிகர் எந்திரத்துக்கு ஒரே செயலி இருந்தவரை அது உண்மை. நான்கு மெய்நிகர் செயலிகள் தரப்பட்டபோது நிலை மாறியது. வி.எம்.வேரின் தொடக்ககாலப் பெருவழங்கி அமைப்பில் நான்கும் ஏறத்தாழ ஒருங்கே ஓட வேண்டும் என்ற கண்டிப்பு இருந்தது. நான்கு மெய்ச்செயலிகள் ஒரே கணத்தில் காலியாகும்வரை அவ்வெந்திரம் காத்திருக்கும். ஒற்றைச் செயலி கேட்ட சிறு எந்திரங்கள் இடையில் நுழைந்து ஓடிவிடும். மெதுவாக இருக்கிறதே என்று மேலும் செயலி சேர்த்த நிருவாகி காத்திருப்பை நீட்டினார். 2006இல் வெளியான மூன்றாம் பதிப்பில் இக்கண்டிப்பு தளர்த்தப்பட்டது.

தளர்த்தியதால் வேறொரு இடர் வலுத்தது. ஒரு மெய்நிகர் செயலி பொதுத் தரவொன்றைப் பூட்டி வைத்திருக்கும் நிலையில் அதன் முறை முடிந்துவிடலாம். பூட்டுத் திறக்கக் காத்திருக்கும் பிற மெய்நிகர் செயலிகள் தம் முறை முழுவதையும் வெறுமனே சுழன்றே தீர்க்கும். திறவுகோல் வைத்திருப்பவர் உறங்க, வாசலில் நிற்பவர்கள் கூலி வாங்குவதற்கு ஒப்பு இது. 2004இல் உலிக் குழுவினர் இதனை ஆராய்ந்தனர்; அவ்வாய்வுக்குப் பின், வீண் சுழற்சியைக் கண்டறிந்து மேலாளும் நிரலுக்கு அறிவிக்கும் வசதியைச் செயலி உற்பத்தியாளர்களே சேர்த்தனர்.

ஒத்த பக்கங்களும் அவற்றின் அபாயமும்

பத்து மெய்நிகர் எந்திரங்கள் ஒரே இயக்குதளத்தை ஓட்டினால் அவற்றின் பக்கங்களுட் பல எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும். அவற்றுக்கு ஒரே படியை வைத்து எல்லாருக்கும் காட்டுவது சிக்கனம். 2002ஆம் ஆண்டுக் கட்டுரையில் பத்து விண்டோஸ் வழங்கிகளைக் கொண்ட உண்மைப் பயன்பாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நினைவகம் இவ்வாறு மீட்கப்பட்டது. 2009 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6.32 பதிப்பும் இவ்வசதியைப் பெற்றது.

பகிரப்பட்ட பக்கத்தில் எழுத முற்பட்டால் தனிப்படி எடுக்க வேண்டியிருப்பதால் சற்றுத் தாமதமாகும். அத்தாமதத்தை அளந்தே அண்டை எந்திரத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கலாம் என்பது பின்னர் வெளிப்பட்டது. 2014இல் வி.எம்.வேர், வெவ்வேறு மெய்நிகர் எந்திரங்களுக்கிடையிலான பக்கப் பகிர்வை இயல்புநிலையில் நிறுத்த முடிவெடுத்தது. 2016இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் பகிர்பக்கத்தின் வழியாக அண்டை எந்திரத்தின் நினைவகத் துணுக்குகளையே புரட்ட முடியும் என்று காட்டினர். மூன்றில் ஒரு பங்கு சிக்கனம் என்னும் கணக்கில் அதுவரை சேராதிருந்த செலவு இது.

கணக்கில் தெரிவதும் தெரியாததும்

அரசுப் பணிகள் இன்று இத்தகைய பொது எந்திரங்களில் இயங்குகின்றன. தேசியத் தகவலியல் மையத்தின் மேகக்கணிமை 2014 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனத்தின் பொறுப்பில் மாநிலத் தரவு மையம் இயங்குகிறது. ஒரு துறையோ பல்கலைக்கழகமோ இடம் கேட்கும்போது விண்ணப்பத்தில் எழுதுவது பொதுவாக இரண்டு எண்களே: மெய்நிகர் செயலிகள் இத்தனை, நினைவகம் இத்தனை கிகாபைட். அவற்றுள் எவ்வளவு உறுதி ஒதுக்கீடு, எவ்வளவு பங்கின்பாற்பட்டது என்பதே அவ்வெண்களின் உண்மைப் பொருளைத் தீர்மானிக்கிறது.

பெற்றவர் தமக்குக் கிடைத்ததை உள்ளிருந்து சரிபார்க்க முடியுமா என்பதிலும் இரு வளங்களும் வேறுபடுகின்றன. லினக்ஸ் இயக்குதளத்தின் செயலிக் கணக்கில் ‘திருடப்பட்ட நேரம்’ என்னும் பொருள்படும் ஒரு பத்தி உண்டு. ஓடத் தயாராக இருந்தும் மேலாளும் நிரல் முறை தராத காலம், அதனை வெளிப்படுத்தும் அமைப்புகளில், அங்கே விழுக்காடாகத் தெரியும். நினைவகத்துக்கு அத்தகைய நேரடிப் பத்தி இல்லை. பலூன் பிடித்த இடம், உள்ளிருந்து காண்பவருக்குத் தம் இயக்குதளமே செலவிட்ட இடமாகவோ, மொத்த அளவு குறைந்ததாகவோ தோன்றும். வட்டுக்கு வலிந்து வெளியேற்றப்பட்ட பக்கமோ உள்ளே அறவே தெரியாது. ஏதோ ஒரு நிரல் காரணமின்றி மந்தமானதாக மட்டுமே உணரப்படும். மந்தம் கண்ட துறையினர் தம் நிரலாளரைக் கடிந்துகொள்வர். நிரலாளர் கூடுதல் செயலி கேட்டு விண்ணப்பிப்பார்.